மக்கு என்று யாரைச் சொல்கின்றீர்?

திசையன்விளைக் கடைத்தெருவில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கும் கருப்புக்கட்டிச் சிப்பங்களுக்கும் இடையே இன்று மற்றொரு சரக்கும் விலைபோகின்றது. அதன் பெயர் ஆங்கிலவழிக் கல்வி! விடிந்தும் விடியாததுமாய் மஞ்சள்நிற ஊர்திகள் தேரிமணற் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடுகின்றன. உவரிக் கரையிலிருந்தும் இடையன்குடியிலிருந்தும் நவ்வலடியிலிருந்தும் கழுத்துப்பட்டை இறுகக் கட்டிய சின்னஞ்சிறு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருகின்றன. மாலையில் அதே பிள்ளைகளைத் தெருமுனையில் உதிர்த்துவிட்டுப் போகின்றன. அதன்பின் வீட்டுக்குள் நடப்பதென்ன?

பத்து அகவைச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. அவனுக்கு எப்பெயரும் இட்டுக்கொள்ளலாம்; அவனில்லாத தெரு அப்பக்கத்தில் இல்லை. ஐந்தாம் வகுப்பு. கையில் ஆங்கிலப் பாடநூல். எதிரே தந்தை, அவர் கையில் பூவரசங்குச்சி. "சத்தமாப் படில" என்கின்றார் அவர். சிறுவன் ஓரெழுத்தைத் தொடுகின்றான். அடுத்ததில் தடுக்கி விழுகின்றான். மூன்றாவதைத் தன் போக்கில் இட்டுக்கட்டுகின்றான். வாயில் வந்த ஒலிக்குப் பொருள் என்னவென்று அவனுக்கும் தெரியாது. அதட்டும் தந்தைக்கும் தெரியாது. குச்சி மட்டும் தன் பொருளை ஐயத்திற்கு இடமின்றி விளக்குகின்றது! அரைமணி நேரம் கழித்து அடுக்களையிலிருந்து தீர்ப்பு வருகின்றது: "இந்தப் பய மக்கு."

அந்த மக்குக்குத் தெரிந்தவற்றைச் சற்றே கேளுங்கள். வளர்ந்த பனைக்கும் வடலிக்கும் அவனுக்கு வேறுபாடு தெரியும். விரியாதது குருத்தோலை, பசுமை மாறாதது சாரோலை, காய்ந்து தொங்குவது காவோலை என்று பிரித்துச் சொல்வான். பாளை எது, பன்னாடை எது, மட்டை எது, கருக்கு எது என்று தொட்டுக் காட்டுவான். நுங்கு முற்றிப் பழமாகி, பழத்தின் கொட்டை மண்ணிற் புதைந்து கிழங்காவதை நிரலாக விளக்குவான். சங்கரன்கோவிலில் 1902-ஆம் ஆண்டு பிறந்த மொழிஞாயிறு பாவாணர் இலைக்கும் காய்க்கும் கனிக்கும் தமிழில் எத்தனை எத்தனை பெயரென்று அடுக்கிக் காட்டி உலகோரை வியக்க வைத்தார். அவர் தொகுத்த அச் சொற்செல்வத்தில் ஒரு பகுதி, எழுத்துக்கூட்டத் திணறும் இச் சிறுவனின் நாவில் இன்றும் உயிரோடு உலவுகின்றது. இவனா மக்கு?

அந்நிலத்தை எண்ணினால் நெஞ்சு இன்னும் வேகின்றது. ஏடு, ஓலை, மடல், இதழ், தாள் எனப் படிப்புக்குரிய பெயர்களையெல்லாம் தமிழன் மரஞ்செடி கொடிகளிடமிருந்தே பெற்றான். தாள் வருமுன்னர்ப் பன்னூறு ஆண்டுகள் தமிழை முதுகிற் சுமந்து காத்தது பனையேடு. அப் பனை காடாய் நிற்கும் மண்ணிற் பிறந்த பிள்ளை, நூலென்றால் நடுங்குகின்றான்!

கரணியம் தேடித் தொலைவு போகவேண்டா. படிப்பது என்பது இரண்டு வேலை. எழுத்தை ஒலியாக்குவது ஒன்று. ஒலியைப் பொருளாக்குவது மற்றொன்று. தாய்மொழியில் இரண்டாவது வேலை பிள்ளைக்கு முன்னரே முடிந்துவிட்டது. 'ப', 'னை' என்று தட்டுத் தடுமாறிக் கூட்டினாலும் 'பனை' என்று ஒலித்த நொடியிலேயே வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம் அவன் கண்முன் எழுந்துவிடும். அந்த நொடி இருக்கின்றதே, அதுவே படிப்பின் முதலின்பம். அவ்வின்பத்தை ஒருமுறை கண்டவன் மறுமுறை தானே தேடி வருவான். அயன்மொழியிலோ, கூட்டி முடித்தபின்னும் ஒன்றும் எழுவதில்லை. இருட்டறையில் கதவைத் திறந்து மற்றோர் இருட்டறைக்குள் நுழைந்த கதைதான். அதுவும் எத்தகைய அயன்மொழி? ஒரே எழுத்து ஓரிடத்தில் 'புட்' என்று உகரமாகவும், அடுத்த சொல்லில் 'பட்' என்று அகரமாகவும் ஒலிக்கும் மொழி! வேறு மொழிகளைக் கற்றுத் தேர்ந்த பெரியவர்க்கு அது புதிர்விளையாட்டு. ஆறு அகவைப் பிள்ளைக்கு அது கொடுமை.

இதை இங்குள்ள இயக்கத்தார் மட்டும் சொல்லவில்லை. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1953-ஆம் ஆண்டிலேயே, பிள்ளைக்குக் கல்வி புகட்டச் சிறந்தது அதன் தாய்மொழியே என்று உலகறியச் சொல்லிற்று. தமிழ்நாட்டில் 1999-ஆம் ஆண்டு தமிழ்ச் சான்றோர் நூற்றுவர் தமிழ்வழிக் கல்விக்காகச் சென்னையில் சாகும்வரை உண்ணாநோன்பு இருந்தனர். அதன்பின் ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிவழிக் கல்வி என்று அரசாணை பிறந்தது. அடுத்த ஆண்டே உயர்நீதிமன்றத்தில் அது மாண்டது. பயிற்றுமொழியைத் தேர்வது பெற்றோர் உரிமை என்று 2014-இல் உச்சநீதிமன்றமும் கருநாடக வழக்கொன்றில் தீர்ப்புரைத்தது. பெற்றோர் உரிமை! பிள்ளைக்குப் புரியும் உரிமை எந்த மன்றத்தில் கிடைக்கும்? மன்றங்களைச் சொல்வானேன், 2013-ஆம் ஆண்டையொட்டி அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கியவர் வடவரல்லர், தமிழ்நாட்டை ஆண்டவரே.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பழியெல்லாம் ஆங்கிலத்தின் தலையிற் கட்டிக் கைகழுவிக்கொள்வது எளிது. அது நேர்மையாகாது. ஊரகப் பிள்ளைகளின் படிப்புத்திறனை அளக்கும் 'அசர்' ஆய்வு, 2018-இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுவரில் ஏறத்தாழப் பதின்மரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தமிழிற் படித்தனர் என்றது. பள்ளிகள் பூட்டிக் கிடந்த பெருந்தொற்றுக் காலத்திற்குப்பின், 2022-இல், அவ்வெண் ஐந்துக்குங் கீழே இறங்கிற்று. பின்னர்ச் சற்றே ஏறினும் மார்தட்டிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. நினைவிற் கொள்க: அப் பிள்ளைகள் தடுமாறியது ஆங்கிலத்தில் அன்று; தாய்த்தமிழில்! அப்படியானால் தமிழ் கற்பிக்கும் முறையிலும் புண் இருக்கின்றது. தமிழாசிரியரும் தமிழ்ப்பற்றாளரும் அப் புண்ணைத் தாமே கீறிப் பார்த்தாக வேண்டும்.

தமிழெழுத்தில் தடுமாறும் பிள்ளை எங்கே தடுமாறுகின்றான் என்று அருகிலமர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? 'கா' என்பதிலுள்ள துணைக்காலும் 'ர' என்னும் எழுத்தும் அச்சில் உடன்பிறப்புகள் போல நிற்கின்றன. 'காரம்' என்பதைக் 'கரரம்' என்று ஒரு பிள்ளை படித்தால் அது மடமை அன்று. கண் கண்டதை வாய் சொன்னது. 'கெ' என்பதிற் கொம்பு முன்னே நிற்கின்றது. ஒலியோ பின்னே வருகின்றது. 'கொ' என்றால் எழுத்தின் இருபுறமும் காவலர் போல இரண்டு குறிகள். இடமிருந்து வலமாகக் கூட்டென்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் முன்னதைப் பின்னதாகக் கொள் என்றால் பிஞ்சு மூளை திகைக்காதா? பொறுமையாக நான்கு நாள் சொன்னால் தெளிந்துவிடும் திகைப்புத்தான் அது. நான்கு நாளுக்கு எவருக்கும் பொறுமை இல்லை.

பிறகு, ஒலிப்பு. நெல்லைச் சீமையின் தென்பகுதியில் வீடெல்லாம் 'வாளப்பளம்' என்றுதான் பேசுகின்றது. பள்ளிக்கு வந்த பிள்ளை 'வாழைப்பழம்' என்பதை அப்படியே படிக்கின்றான். பொருள் விளங்கிவிட்டது, வாய் ஊறுகின்றது, அடுத்த வரிக்குப் போக முனைகின்றான். அந்த நொடியில் ஆசிரியர் கை அவன் தலையிற் குட்டுகின்றது: "ழகரம் வராதவனுக்குத் தமிழ் எதற்கு?" கதை அங்கேயே செத்துவிட்டது. சிறப்பு ழகரம் தமிழின் முடிமணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், முடிமணியைக் காட்டுகின்றோம் என்று முடியையே பிள்ளை தலையில் அடித்தால், அவன் அதன்பின் அரண்மனைப் பக்கம் தலைவைப்பானா? ழகரம் பின்னர் வரும். பாட்டாய், நாப்புரள் விளையாட்டாய்ச் சொல்லச் சொல்ல வரும். குட்டினால் வந்ததாகச் சான்றில்லை.

தனித்தமிழின் தேவையும் இங்கேதான் வெளிப்படுகின்றது. இதைக் கொள்கைச் செருக்கென்று ஏளனம் செய்வோர் எழுத்துக்கூட்டும் பிள்ளையின் பக்கத்தில் ஒருநாள் அமர்ந்து பார்க்கட்டும். 'நூலகம்' என்ற சொல்லைக் கண்ட பிள்ளை 'நூல்' என்றும் 'அகம்' என்றும் பிட்டுப் பொருள் காண்கின்றான். 'மிதிவண்டி'யை மிதித்துப் பார்த்தே அறிகின்றான். 'பேருந்து', 'தொலைக்காட்சி' எல்லாம் அவ்வாறே வாய் திறந்து தம் பொருளைத் தாமே சொல்கின்றன. 'புஷ்பம்', 'பக்ஷி', 'ஜலம்' என்று வந்தாலோ, பிட்டுப் பார்க்க வேரில்லை. அதன்மேல் ஷ, ஜ, ஸ, ஹ, க்ஷ என்று இருநூற்று நாற்பத்தேழுக்கும் புறம்பான எழுத்துச் சுமை வேறு! வளமான மொழியொன்று கையிலிருக்க, தத்தித் தத்தி நடக்கும் குழந்தையின் காலில் எவருடைய விலங்கையோ பூட்டுவானேன்? வடசொல்லை அகற்றியும் தமிழ் தனித்து இயங்கவல்லது என்று எழுதிய கால்டுவெல், 1841 முதல் 1891 வரை ஐம்பதாண்டுகள் திசையன்விளையை அடுத்த இடையன்குடியில்தான் வாழ்ந்தார். அயர்லாந்திற் பிறந்து இருபத்துமூன்று அகவையிற் சென்னைக் கரையில் இறங்கிய அவரும் ஒருகாலத்தில் அகரத்தை எழுத்துக்கூட்டித் தொடங்கியவரே. 1856-இல் வெளிவந்த அவரது ஒப்பிலக்கணத்தை எழுதியவர், பனங்காட்டு மக்களோடு நாள்தோறும் பேசிப் பழகியவர். அவர் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவில்லம். நினைவில்லத்திற்கு மாலை போடுவோர் பலர். அதன் நிழலிலேயே தமிழ் படிக்கத் தெரியாமல் வளரும் பிள்ளையைப் பார்ப்போர் சிலர்.

சரி, படிக்கத் திணறும் பிள்ளையை எவ்வாறு படிக்கவைப்பது? இதற்குரிய வழியை மேனாட்டாரிடம் இரந்து பெறவேண்டிய நிலையில் தமிழன் இல்லை. வரலாற்றைப் பார்த்தால் கொடுத்தவனே அவன்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஏதிலிச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் காத்துலாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் மணலைப் பரப்பினார். ஆசிரியர்கள் முணுமுணுத்தபோது, எட்டு அகவைப் பையன் ஒருவனைக்கொண்டே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். நாட்டுக்குத் திரும்பி 1797-இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரவர்க்கு எழுத்தறிவித்தது அம்முறை. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது! திண்ணையில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அன்றோ அது? மணலும் இங்கே இருக்கின்றது, மலை மலையாய்; செந்நிறத் தேரியில் விரல் வைத்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். விலையோ காசில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். சிவப்பு மையாற் சுழிப்பவரும் இல்லை. பிழைக்கு அஞ்சும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பலகை உண்டா?

இன்னுமொரு சான்றும் அத் தேரிநாட்டிலேயே இருக்கின்றது. அதைச் சொன்னால் தமிழ்ப்புலவர் சிலர்க்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லியாக வேண்டும். திருச்செந்தூரை அடுத்த காயாமொழியிற் பிறந்தவர் சி. பா. ஆதித்தனார். 1942-இல் மதுரையில் அவர் தொடங்கிய 'தந்தி' நாளேடு, பின்னாளில் தினத்தந்தி. பெயரிலேயே வடசொல்லைத் தாங்கிய ஏடு. நடையிலோ கலப்புக்குக் குறைவில்லை. எனினும், தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் எழுத்துக்கூட்டத் தொடங்கி ஏடு படிப்பவராய் எழுந்த உழைப்பாளி மக்களுக்கு அரிச்சுவடியாய் அமைந்தது எது? புலவர்களின் உரைநூல்களா? அல்ல, அந்த ஏடுதான். எழுத்துப் பெரிது, வரி சிறிது, சொல் தெரிந்த சொல், செய்தி அறியத் துடிக்கும் செய்தி. 1960 முதல் வந்த 'கன்னித்தீவு' படக்கதையோ, சிறுவரை நாள்தோறும் ஏட்டின்மீது கவிழ வைத்தது. இரண்டு மூன்று கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு வரி, இறுதியில் 'அடுத்து என்ன?' என்னும் துடிப்பு. அந்தத் துடிப்பே ஆசான். கலப்புநடையைக் கண்டிப்போம், வழியைக் கற்போம். தூயதமிழில் அத்தகைய துடிப்போடு ஒரு படக்கதை ஏன் எழுதலாகாது?

கேள்வி இயக்கத்தாரை நோக்கித் திரும்புகின்றது. பாவலரேறு பெருஞ்சித்திரனார் தென்மொழியின் இடியோசைக்கு நடுவிலும் சிறுவர்க்கென்றே 'தமிழ்ச்சிட்டு' நடத்தினார். பிள்ளைகளை மறந்த மொழிப்போர் ஒரு தலைமுறைக்கு மேல் ஓடாது என்று அவர்க்குத் தெரியும். இன்றோ, மேடைக்கும் பந்தலுக்கும் ஆளுயரப் பதாகைக்கும் பணம் திரள்கின்றது. மொழிமாநாட்டில் மூன்று மணிநேரம் பேசுகின்றவரின் வீட்டில், அவருடைய பெயரனுக்கு விருப்பமான தமிழ்நூல் ஒன்று இருக்கின்றதா? பெயரன் எந்த வழியிற் படிக்கின்றான் என்று கேட்டால், பேச்சாளர் தண்ணீர் குடிக்கின்றார்! நூல் பரிசளிப்போரும் செய்வதென்ன? படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பதவுரை பொழிப்புரையோடு தடித்த பழம்பெருநூலைத் தூக்கிக் கொடுக்கின்றனர். சங்கப் பாட்டின் மேன்மைக்கு எவர் மறுப்புச் சொல்வார்? பால்குடி மறவாத பிள்ளைக்குப் பனங்கிழங்கை ஊட்டினால் குற்றம் கிழங்கினதன்று, ஊட்டியவரது.

அரசு செய்வதில் நல்லதும் உண்டு; அதை மறைப்பது நம் வழக்கமன்று. பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, சின்னஞ்சிறு நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படியாக வகுத்துத் தந்தது. ('படிப்பு இயக்கம்' என்றே பெயரிட்டிருக்கலாம், போகட்டும்.) படிகளின் பெயர் நான்கும் பழுதற்ற தமிழ், எண்ணமும் பழுதற்றது. எட்டாம் வகுப்புப் பிள்ளையாயினும் 'நுழை'யில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் சிறுவர் இதழ்களும் 2022 முதல் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. இவை பிள்ளையின் கைக்கு வந்தால் நன்று. கிழியுமே என்று இரும்புப் பேழைக்குள் வைத்துப் பூட்டும் தலைமையாசிரியர் இருப்பின், அவரிடம் பெற்றோர் சென்று கேட்கவேண்டும். கிழிந்த நூலே படிக்கப்பட்ட நூல். நூலகமும் அவ்வாறே. விடுதலைக்குப்பின் இந்தியாவிலேயே முதன்முதலாக 1948-இல் பொதுநூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம். இன்று சொத்துவரி கட்டும் ஒவ்வொருவரும் உரூபாவுக்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகின்றனர். வரியைக் கட்டிவிட்டு வாசலை மிதிக்காமல் இருப்பது எந்தக் கணக்கு? தந்தை தன் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று உறுப்பினராக்கட்டும். நூலைத் தேர்வது பிள்ளையின் உரிமையாக இருக்கட்டும். பேய்க்கதையை எடுத்தால் பேய்க்கதை; மட்டைப்பந்துக்காரன் கதையை எடுத்தால் அது; படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்தால் அதற்கும் முகஞ்சுளிக்க வேண்டா.

வீட்டிற் செய்யவேண்டியது இன்னும் எளிது. தூங்குமுன் ஒரு கால்மணி நேரம் வீட்டில் எவரேனும் ஒருவர் தமிழ்க்கதை ஒன்றை உரக்கப் படிக்கவேண்டும். பிள்ளை பக்கத்திற் படுத்துக்கொண்டு எழுத்தைப் பார்த்தால் போதும். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாதா? ஆச்சி கதை சொல்லட்டும். அக்காள் அதை நான்கு வரியில் எழுதட்டும். மறுநாள் தம்பி அதைப் படிக்கட்டும். தான் கேட்ட கதை, தன் ஆச்சியின் சொல், தன் ஊர்ப் பனை. இதில் தெரியாத சொல் எங்கிருந்து வரும்? 'என்ன விளங்கிற்று, சொல்' என்று உடனே தேர்வு வைக்கும் இழிபழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நுங்கு தின்ற பிள்ளையை நிறுத்தி, தின்ற நுங்கின் எடை எவ்வளவென்று எவரும் கேட்பதில்லையே.

எத்துணைப் பொறுமை காட்டியும் எழுத்துகள் கண்முன் நிலையாமல் ஆடும் பிள்ளைகள் சிலர் உண்டு. அது சோம்பலும் அன்று, மடமையும் அன்று, கற்றல் குறைபாடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமே அதை ஏற்றுள்ளது. அத்தகைய பிள்ளைக்குப் பயிற்சி பெற்றவரின் துணை வேண்டும். அவனுக்கும் கதை வேண்டும். கண்வழி நுழையாதது செவிவழி நுழையட்டும். கேள்வியையும் செல்வமென்று போற்றிய மரபுதானே இது?

இயக்கக் கிளைகளுக்கு ஒரு வேலை இருக்கின்றது. வரும் திங்களின் கிளைக்கூட்டத்தில் தீர்மானங்களை இரண்டாகக் குறைத்துக்கொள்க. மிச்சமாகும் பொழுதில், தெருவிலுள்ள பிள்ளைகளை வேப்பமர நிழலில் ஓலைப்பாயில் அமர்த்துக. ஒரு சுளகில் தேரிமணலும், பத்துப் பதினைந்து சின்ன நூல்களும் போதும். எட்டாம் வகுப்புப் பெண்ணை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளையாக்குக. பூவரசங்குச்சிக்கு அங்கே வேலையில்லை. முதலிற் சொன்ன அந்தப் பத்து அகவைச் சிறுவனும் வருவான், ஓரத்தில் நிற்பான், அவனை எவரும் படிக்கச் சொல்லவேண்டா. அவனுக்கு ஐந்து அகவைத் தங்கை ஒருத்தி இருப்பாள். பனையேறி ஒருவனின் படம் போட்ட நூலை அவள் கையிற் கொடுத்துவிடுங்கள். அவள் அண்ணனிடம்தான் ஓடுவாள். அவன் எழுத்துக்கூட்டி அவளுக்குப் படிக்கட்டும். அவன் 'பளம்' என்று படித்தாலும், அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்வாளேயன்றித் தலையிற் குட்டமாட்டாள்.